மாதிரிக்கு எழுதிய எண்

காலை ஆறரைக்கு டயாலிசிஸ் பிரிவைத் திறந்து, நான்கு மெஷின்களையும் கழுவ விட்டு, தண்ணீர்த் தொட்டியின் அளவையும் பார்த்து முடித்த டெக்னீஷியன், சாமான் அறைக்குள் போய் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டான். எச்சில் விழுங்கினால் தொண்டையில் மணல் உரசியது. நூறு புள்ளி ஆறு. பழியைத் தெர்மாமீட்டர் மேல் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்து வைத்தான். இவன் மேல் அதற்கும் என்ன கோபமோ, அதே எண்ணைத்தான் காட்டியது.

இன்னொரு டெக்னீஷியன் ஊரெங்கும் பரவும் தொற்றுக் காய்ச்சல் வந்து படுத்து இரண்டு வாரமாகிறது. இவனும் படுத்தால் பிரிவுக்குப் பூட்டுதான். பதினாறு பேர், வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நாலு மணி நேரம் இந்த நாற்காலிகளில்தான் உயிரைப் புதுப்பித்துக்கொண்டு போகிறார்கள். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் படுக்க முடியாது, மூச்சு முட்டும். மூன்றாவதை அவன் நினைக்க விரும்பவில்லை. அந்தப் பதினாறு பேரில் அவனுடைய சொந்த அக்காவும் ஒருத்தி.

ஒன்பது நாளைக்கு முன்னால்தான் மேலாளரின் மேஜையைத் தட்டிப் பேசியிருந்தான்.

"மூடிடலாம் தம்பி. எல்லாரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம். வெளிய இருந்து ஆள் வரப்போக இருந்தா என்னிக்காவது உள்ள வந்துடும்."

"பஸ்ஸே ஓடல, ரெண்டு மணி நேரம் எப்படி சார் போவாங்க? அவங்கள நம்புங்க. காய்ச்சல் வந்தா அவங்களே சொல்லுவாங்க. அவங்க உயிரு மேல அவங்களுக்கு அக்கறை இருக்காதா?"

மேலாளர் பேனாவை மேஜையில் வைத்தார். "சரி, உன் வார்த்தைக்காக விடறேன். ஆனா ஒரே ஒரு காய்ச்சல். அன்னிக்கே பூட்டு."

அப்படி வந்ததுதான் சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகை. வருகிறவர்கள் தாங்களே அளந்து, தங்கள் மெஷின் எண்ணுக்கு நேரே தாங்களே எழுத வேண்டும். காவல் கிடையாது, கண்டிப்பு கிடையாது. எப்படி எழுதுவது என்று காட்ட, பலகையின் உச்சியில் இவனே மாதிரிக்கு ஓர் எண்ணை எழுதி வைத்தான்: 98.4. பெருமையாகத்தான் எழுதினான்.

ஊர் முழுக்க அப்போது இதே சண்டைதான். கதவைப் பூட்டுவதா, ஜனங்களின் பொறுப்பில் விடுவதா என்று சுவர் டிவியில் கோட்டுப் போட்டவர்கள் வாய் கிழியப் பேசினார்கள். இங்கே குழாய் மாட்டி உட்கார்ந்தவர்களுக்கு நாலு மணி நேரம் வேறென்ன வேலை?

"ஜனங்க இஷ்டத்துக்கு விட்டா உருப்படுமா? பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கணும்" என்பாள் மூன்றாவது மெஷின் தையல்காரம்மா.

"மாடா நாங்க, கட்டிப்போட? எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்க மாட்டோமா?" என்று லாரி டிரைவர் எகிறுவார்.

"ரெண்டு பேராலயும் எந்திரிக்க முடியாதுங்கற தைரியத்துலதானே இவ்வளவு சண்டை" என்று அக்கா சிரிப்பாள். நாலாவது மெஷின் தபால்காரர் வாயே திறக்க மாட்டார்.

இன்றைக்கும் ஏழு மணிக்கு நால்வரும் வந்தார்கள். ஆளுக்கொரு தெர்மாமீட்டரை எடுத்தார்கள், பலகையில் எழுதினார்கள், எடை பார்க்கும் மெஷினில் ஏறி இறங்கினார்கள். பலகையின் கடைசி வரி டெக்னீஷியனுடையது. இவன் பேனாவை எடுத்து, ஒரு நொடி யோசித்து, 98.4 என்று எழுதினான்.

எழுதிய பிறகுதான் மேலே இருந்த வரிகள் கண்ணில் பட்டன. 98.4. 98.4. 98.4. 98.4. ஒன்பது நாளாகத் தினமும் பார்த்த பலகைதான். பொய் எழுதிய கைக்குத்தான் பொய் தெரிந்தது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு உடம்புச் சூடு எப்போதும் கொஞ்சம் குறைவு, தொண்ணூற்றேழைத் தாண்டுவதே அபூர்வம். பதினொரு வருஷம் இந்த வேலை பார்த்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். நம்ப வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டவன் கண்ணைத் திறந்து வைத்தும் பார்க்கவில்லை.

தன் எண்ணைக் கையாலேயே அழித்துவிட்டு 100.6 என்று எழுதினான். "எனக்குக் காய்ச்சல்" என்றான். "இப்ப என் கண்ணு முன்னால எல்லாரும் மறுபடி அளக்கணும்."

தையல்காரம்மாவுக்குத் தொண்ணூற்றேழு. "எனக்கு அந்த சின்ன எழுத்து எங்கப்பா தெரியுது? மேல இருந்தத பாத்து எழுதினேன்." தபால்காரருக்குத் தொண்ணூற்றாறரை. "நீங்க எழுதி வச்சிருந்தீங்களே, அததான் எழுதணும்னு நெனச்சேன்" என்றார் பாவம். லாரி டிரைவருக்கு நூறு. "மாத்திரை போட்டும் எறங்கல" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா தெர்மாமீட்டரைக் கொடுக்காமல் கைக்குள் பொத்திக்கொண்டாள். விரல்களைப் பிரித்து வாங்கினான். நூற்றொன்று புள்ளி இரண்டு.

"எத்தன நாளாக்கா?"

"நாலு நாள்."

"ஏன்க்கா சொல்லல? என்கிட்ட கூடவா?"

"உன்கிட்டதான்டா சொல்ல முடியாது. நீ போய் அந்த ஆள்கிட்ட எங்களுக்காக வாக்கு குடுத்துட்டு வந்திருக்க. உன் அக்காவே அத பொய்யாக்கி, பதினாறு பேரயும் தெருவுல நிறுத்தட்டுமா? சளின்னு நெனச்சேன்." அவள் அவனுடைய 100.6-ஐ நிமிர்ந்து பார்த்தாள். "என்கிட்ட இருந்துதான் உனக்கு ஒட்டியிருக்கு."

அவன் மேலாளருக்குப் போன் செய்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் திட்டக்கூட இல்லை.

"காய்ச்சல் இல்லாதவங்கள எல்லாம் வேன்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன். அங்க நாளன்னிக்குத்தான் எடம். காய்ச்சல் இருந்தா வாசல்லயே திருப்பிடறாங்க."

"அப்ப இவங்க ரெண்டு பேரு?"

"வேற எங்கயும் சேக்க மாட்டாங்க தம்பி."

"நான் இங்கயே வச்சு ஓட்டறேன் சார். என்னால நிக்க முடியற வரைக்கும். நான், அவங்க ரெண்டு பேர். உள்ள இருந்து பூட்டிக்கறேன். மத்தவங்கள இங்க அண்ட விடாதீங்க."

"பூட்டணும்னுதானே தம்பி ஒம்பது நாளைக்கு முன்னாடி நானும் சொன்னேன்?"

அவன் போனை வைத்துவிட்டு, தபால்காரரையும் தையல்காரம்மாவையும் கிளம்பச் சொன்னான்.

தபால்காரர் மறு பேச்சில்லாமல் எழுந்து போய்விட்டார். தையல்காரம்மா நகரவில்லை. உடம்பில் நீர் சேர்ந்து போன முறையை விட மூன்று கிலோ கூடியிருந்தாள், கணுக்கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன.

"நாளன்னிக்கு வரைக்கும் தாங்காது தம்பி. ராத்திரியே உக்காந்துதான் தூங்கினேன். எனக்கு வந்தா வரட்டும், ஊசிய போடு."

"உங்களுக்கு நோயக் குடுத்துட்டு நான் என்னம்மா பண்ணுவேன்? போங்கம்மா. உங்க கால்ல விழறேன்."

"அவள உக்கார வைடா, நான் போறேன்" என்று அக்கா எழுந்தாள்.

"நீ எங்க போவ? உன்ன எங்கயும் சேத்துக்க மாட்டாங்க. உக்காரு!" அக்காவிடம் இப்படிக் கத்தியது வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை.

தையல்காரம்மாவின் தோளைத் தொடாமல், கையை விரித்து, மாட்டை ஓட்டுவதுபோல ஓட்டித்தான் வெளியே கொண்டுபோய் விட்டான். கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினான். அவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து மூச்சு வாங்கினாள்.

"பூட்டச் சொன்னது நான்தான் தம்பி" என்றாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குரல் மெலிந்து கேட்டது. "என்ன வெளிய வச்சு பூட்டச் சொல்லலியே."

அவன் நேரே அக்காவிடம் போனான். டயாலிசிஸ் ஊசிக்காக நரம்பை இணைத்துத் தைத்திருந்த அவள் கையைத் தூக்கிக் காதில் வைத்து, உள்ளே இரத்தம் ஓடுகிற இரைச்சலைக் கேட்டான். ஊசி குத்தும் வரை வாசல் பக்கம் திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான். அக்கா அழுதுகொண்டே கையை ஆடாமல் வைத்திருந்தாள். பக்கத்தில் மூன்றாவது மெஷின் கழுவி முடித்து, பச்சை விளக்கு எரிய, ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.