மண்டபத்துக் கற்கள்

"சாய்க்காம இறக்குப்பா" என்று சொல்லிக்கொண்டே மதலைமுத்து ரயில் பெட்டியின் வாசலில் குந்தி, ஓலைக் கடகத்தின் ஒரு பக்கத்தைப் போர்ட்டரிடம் நீட்டினார். மறு பக்கத்தை அவர் விடவில்லை. பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் வண்டி அதிக நேரம் நிற்காது. கடல் தண்ணீர் நிரம்பிய இரண்டு பழைய ஆசிட் ஜாடிகளும் ஏற்கெனவே பிளாட்பாரத்தில் இறங்கியிருந்தன. கடகத்தில் ஈரச் சாக்கு, சாக்குக்குள் கடற்பாசி, பாசிக்குள் கற்கள். கடலோர ஊரான மண்டபத்தில் ஏறி, திருச்சியிலும் ஈரோட்டிலும் ஜோலார்பேட்டையிலும் வண்டி மாறி, மூன்று மணி நேரத்துக்கொரு தடவை சாக்கின் மேல் கடல் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்திருந்தார். கூட வந்தவர்கள் கருவாடு என்று நினைத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

பிளாட்பாரத்தில் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பா நின்றிருந்தார். பஸ் டிப்போவில் வேலை செய்கிறவர். இந்த நேரத்தில் டியூட்டியில் இருக்க வேண்டியவர். சுமை தூக்க உதவிக்குத் தன் மனைவி அல்போன்சாதான் அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்து, மதலைமுத்து சிரித்தபடி கடகத்தை அவர் பக்கம் தள்ளினார். கிருஷ்ணப்பா அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவருடைய முழங்கையைப் பிடித்தார்.

"சார், ஸ்வல்ப இந்தப் பக்கம் வாங்க. அல்போன்சாம்மா போய்ட்டாங்க சார். நேத்து சாயங்காலம். ஹார்ட்டுன்னு டாக்டர் சொன்னாரு. நீங்க எந்த வண்டில வர்றீங்கன்னு தெரியாம தந்திகூட குடுக்க முடியல. விடியக்காலையிலேருந்து ஒவ்வொரு வண்டியா பாத்துக்கிட்டு நிக்கறேன்."

ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகத்தான் கேட்டது. வண்டி கூவிப் புறப்பட்டது. வழியை அடைக்கிறதே என்று போர்ட்டர் கடகத்தைக் கூரைக்கு வெளியே, வெயில் விழுந்த பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அதை வெயில்ல வைக்காதே" என்றார் மதலைமுத்து.

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் அவருக்கே கேட்டது. கிருஷ்ணப்பா ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு போய், தானே கடகத்தைத் தூக்கி நிழலில் வைத்தார்.

ஜட்கா வண்டியில் கடகம் காலடியில் இருந்தது. ஜாடிகள் இரண்டும் பக்கத்தில் குலுங்கின. கிருஷ்ணப்பா நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தார். நாலரை மணிக்கு அவருடைய மனைவி லட்சுமம்மா கறிவேப்பிலை கொடுக்கப் போயிருக்கிறாள். கூப்பிட்டும் பதில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால், கூடத்தில் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் அல்போன்சா சாய்ந்து கிடந்தாள். உயிர் இல்லை, உடம்புச் சூடு மட்டும் இன்னும் ஆறவில்லை. காலையில் பத்து மணியிலிருந்து ஏரியா முழுக்கக் கரெண்ட் இல்லை, ஒரு வீட்டிலும் ரேடியோ பாடவில்லை, அந்த அமைதியிலும் விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லையே என்று கிருஷ்ணப்பா வருத்தப்பட்டார்.

"கரெண்ட் எப்ப வந்துச்சு?" என்று மதலைமுத்து கேட்டார்.

"அஞ்சரைக்கு சார். அம்மாவ கட்டில்ல படுக்க வெச்சப்புறம்."

எதற்குக் கேட்கிறார் என்று கிருஷ்ணப்பாவுக்குப் புரியவில்லை. மதலைமுத்து கடகத்தின் மேல் இருந்த தன் காலை நகர்த்திக்கொண்டார். பத்திலிருந்து நாலரை. ஆறரை மணி நேரம்.

அவர் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மேலதிகாரி மேசையில் கிடந்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் ஒரு படம் பார்த்தார். எங்கோ ஒரு தீவில் ஒரு மனிதர், கடலுக்கடியில் இருக்கும் கல்லை உயிரோடு கொண்டுவந்து கண்ணாடித் தொட்டியில் வைத்திருந்தார். கல்லின் மேல் பூக்கள்போல என்னென்னவோ விரிந்திருந்தன. கல்லே தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும், காற்றுக் குமிழ் மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. மர்ஃபி டவுனில் இருந்த வீட்டின் சின்னக் கூடத்தில், இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, உப்பு அரிக்காதபடி உள்விளிம்புக்குத் தார் பூசி, நாலடி நீளத்துக்கு ஒரு தொட்டி கட்டினார். பழைய தையல் மெஷின் மோட்டாரை வைத்துக் காற்று பம்ப் செய்தார். மெட்ராசிலிருந்து ஜாடி ஜாடியாகக் கடல் தண்ணீர் வந்தது. முதல் தடவை கொண்டுவந்த கற்கள் மூன்றாம் நாளே அழுகி நாறின. தெருவே முகம் சுளித்தது. அல்போன்சா வாளி வாளியாக அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி, பினாயில் போட்டுத் தரையைக் கழுவினாள். பிள்ளை இல்லாத வீடு, ஏதோ ஆசைப்படுகிறார், இருக்கட்டும் என்று லட்சுமம்மாவிடம் சொன்னாளாம்.

பிறகு ஒருவழியாகத் தண்ணீர் தெளிந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் பிழைத்து நின்றன. இன்னும் நல்ல கல்லாக நாலு கிடைத்தால் தொட்டி முழுசாகிவிடும் என்றுதான் மண்டபத்துக்குக் கிளம்பினார்.

அல்போன்சா பிறந்தது வளர்ந்தது எல்லாம் பெங்களூர். கடலைப் பார்த்ததே இல்லை. இந்தத் தடவை நானும் வரட்டுமா என்று கேட்டாள். நீயும் வந்துவிட்டால் தொட்டியை யார் பார்ப்பது என்றார் அவர். அதற்கு முந்தின நாள்தான், மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கும்போது மாரில் ஏதோ அடைக்கிறது என்று படியிலேயே உட்கார்ந்திருந்தாள். வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று சொன்னார். அப்புறம் எனாமல் குவளையைக் கையில் கொடுத்து, கரெண்ட் போனால் என்ன செய்ய வேண்டும் என்று காட்டினார். மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து திரும்ப ஊற்ற வேண்டும். அப்போதுதான் தண்ணீரில் காற்று கலக்கும்.

"நிறுத்தக் கூடாது அல்போன்ஸ். நிறுத்தினா அரை மணியில எல்லாம் செத்துரும்."

அவள் தலையாட்டினாள்.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே அல்போன்சாவைக் கல்யாணப் புடவையில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் இரண்டு மெழுகுவத்திகள். கைகளைச் சேர்த்து ஜெபமாலை சுற்றியிருந்தது. தொட்டியின் மேல் யாரோ ஒரு போர்வையைப் போர்த்தியிருந்தார்கள். பெண்கள் ஜெபமாலை சொல்லச் சொல்ல, அடியில் பம்ப் உறுமிக்கொண்டே இருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

மதலைமுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் அமைதியாக இருந்தது என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவருக்கு அப்படித் தெரியவில்லை. வேலை பாதியில் இருக்கும்போது யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்த முகம்போல இருந்தது. அவர் அழுதார். பொய்யாக அழவில்லை. ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே, கடகத்தை எங்கே வைத்தார்கள் என்று மனசு தேடியது. கொல்லையில்தான் வைத்திருப்பார்கள். பத்து மணிக்கு மேல் அந்தச் சுவர் ஓரம் வெயில் வரும். சாக்கு காய்ந்திருக்கும். வேண்டாம் என்று அந்த நினைப்பைத் தள்ளினார். ஜெபமாலையில் பத்து ஜெபம் முடிந்தது. இன்னொரு பத்து முடிந்தது. முகம் கழுவப் போகிறவர்போல எழுந்து கொல்லைக்குப் போனார்.

சாக்கைப் பிரித்ததும் கடல் வாசனை அடித்தது. நாலு கற்கள், தலையணை அளவுக்கு ஒன்று, மற்றவை சின்னவை. பெரிய கல்லின் பொந்திலிருந்து நகம் அளவு நண்டு ஒன்று எட்டிப் பார்த்து உள்ளே போனது. சிவப்பாக விசிறிபோல ஏதோ ஒன்று காய்ந்து ஒட்டிக்கிடந்தது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, துணி ஊறவைக்கும் தகரத் தொட்டியில் ஒரு ஜாடித் தண்ணீரைக் கவிழ்த்து, கற்களை ஒவ்வொன்றாக இறக்கினார். முழங்கைவரை கை தண்ணீரில் இருந்தபோது பின்னால் கதவு சத்தம் கேட்டது.

அல்போன்சாவின் அக்கா ரெஜினா. கான்வென்ட்டில் தையல் சொல்லிக்கொடுக்கிறவள். தங்கையைவிட எட்டு வயது மூத்தவள். தாய் போன பிறகு அவளை வளர்த்தவள். கையில் காலிக் குடத்தோடு நின்றாள்.

"முகம் கழுவ வந்தீங்கன்னு நெனச்சேன் தம்பி" என்றாள்.

அவர் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். ரெஜினா தகரத் தொட்டியைப் பார்த்தாள். குழாயடிக்குப் போய்க் குடத்தை வைத்தாள். தண்ணீர் நிறையும்வரை முதுகு காட்டியே நின்றாள். பிறகு திரும்பாமலே பேசினாள்.

"நேத்து நானும் லட்சுமம்மாவும்தான் குளிப்பாட்டினோம். ரெண்டு கையிலயும் முழங்கைவரைக்கும் வெள்ளையா பூத்திருந்துச்சு. ஜாக்கெட் கையெல்லாம் வெறைச்சுக் கெடந்துச்சு. வேர்வைன்னு லட்சுமம்மா சொன்னா. வேர்வை அப்படிக் காயுமா தம்பி?"

"தெரியலக்கா" என்றார் மதலைமுத்து.

ரெஜினா குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். மாதா கோவிலில் சாமியார், கணவனுக்கு நல்ல துணையாக இருந்தவள் என்று அல்போன்சாவைப் பற்றிப் பேசினார். மதலைமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலையிலிருந்து வந்தவர்கள் வரிசையாகக் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். அவருக்குக் கையைக் கொடுக்கவே கூசியது. சோப்புப் போட்டுக் கழுவியும் பாசி வாடை போகவில்லை. பிடித்தவர்களில் ஒருவர் பிறகு தன் விரல்களை முகர்ந்து பார்த்ததை அவர் பார்த்தார். கல்பள்ளிக் கல்லறையில் மண் போடச் சொன்னபோது, குனிந்து ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டு, அடுத்தவர்களுக்கு இடம் விடுகிற சாக்கில் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றார். துக்கத்தில் ஒடிந்துபோய்விட்டார், தனியாக விடாதீர்கள் என்று யாரோ கிருஷ்ணப்பாவிடம் சொல்வது காதில் விழுந்தது. கிருஷ்ணப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று லட்சுமம்மா சாம்பார் சாதம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ரெஜினா மட்டும் இருந்தாள். கூடத்தைக் கூட்டிவிட்டு, மெழுகு சொட்டிய இடத்தைக் கத்தியால் சுரண்டினாள். பிறகு தொட்டியின் மேல் கிடந்த போர்வையை எடுத்தாள். இரண்டு மீன்களும் பக்கம் பக்கமாக நின்று துடுப்பை அசைத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. தொட்டி ஓரத்தில், தரையில், எனாமல் குவளை உருண்டு கிடந்தது. எல்லாரும் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறார்கள். ரெஜினா அதை எடுத்துப் பார்த்தாள். அடியில் உப்பு படிந்திருந்தது.

"இதுங்க ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மதலைமுத்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பம்ப் ஸ்விட்ச் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை நிறுத்திவிட வேண்டும் என்று கல்லறையிலிருந்து வரும் வழியெல்லாம் நினைத்து வந்திருந்தார். வந்து கால் மணி நேரம் ஆகியும் நிறுத்தவில்லை.

"அக்கா" என்றார். "காலையில நீங்க கேட்டீங்களே. அது கடல் தண்ணிதான். கரெண்ட் போனா மொண்டு ஊத்தச் சொல்லிட்டுப் போனேன்."

ரெஜினா திரும்பினாள்.

"மாரு அடைக்குதுன்னு எங்கிட்டயும் சொன்னா. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னா. வந்ததும் பாத்துக்கலாம்னேன்."

"ஆறரை மணி நேரமாவா ஊத்தினா? நடுவுல உக்காரணும்னு தோணலையா அவளுக்கு?"

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது. இவ்வளவு சொன்னதே போதும். மீதி யாருக்கும் தெரியப்போவதில்லை. ரெஜினா குவளையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தினா அரை மணியில செத்துரும்னு சொல்லியிருந்தேன்" என்றார். "அப்படியெல்லாம் சாகாதுக்கா. ஒரு பகல் முழுக்கத் தாங்கும். அது எனக்குத் தெரியும். அசட்டையா இருந்துடுவாளோன்னு கூட்டிச் சொன்னேன்."

ரெஜினா திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டியிருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பார். அவள் குவளையை ஜன்னல் திட்டில் வைத்தாள். அவரைத் தாண்டி மாடிப்படி ஏறினாள். சற்றுப் பொறுத்து அவரும் பின்னாலேயே போனார்.

நேற்றுக் காலையில், கரெண்ட் போவதற்கு முன்னால், அல்போன்சா துவைத்து உலர்த்திய துணிகள் மாடிக் கொடியில் அப்படியே கிடந்தன. ஒரு பகலும் ஓர் இரவும் இன்னொரு பகலும் அங்கேயே கிடந்து மொடமொடத்திருந்தன. ரெஜினா தங்கையின் உள்பாவாடைகளை உருவித் தோளில் போட்டாள். நீலக் கட்டம் போட்ட புடவையை இழுத்தாள். அது நீளமாக இறங்கித் தரையில் புரளப் பார்த்தது. மதலைமுத்து முன்னால் வந்து ஒரு முனையைப் பிடிக்கக் கையை நீட்டினார். ரெஜினா அந்த முனையை மோவாய்க்கு அடியில் இடுக்கிக்கொண்டு, கைகளை அகல விரித்து, தனியாகவே மடித்தாள். நாலாக, எட்டாக. மடித்ததை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, அவர் பக்கம் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

கொடியில் அவருடைய வெள்ளைச் சட்டைகள் இரண்டு மட்டும் பக்கம் பக்கமாகத் தொங்கின. தெருவில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. சட்டைகளின் கைகள் காற்றில் லேசாக எழுந்து தாழ்ந்தன.