நான்கு லேஞ்சிகளும் ஒரு பிரெஞ்சு ராசாவும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு ராசா கதையாக வந்திருக்க வேண்டியது. ஒன்பதாம் லூயி என்ற பிரெஞ்சு அரசனைப் பற்றி எழுதப்போவதாக இரண்டு வருடமாய் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். தொடக்கம்கூடக் கைவசம் இருந்தது:

[கி.பி. 1239. கிறிஸ்துவின் தலையில் இருந்ததாக நம்பப்பட்ட முள்முடியைச் சுமந்துகொண்டு, அரசன் வெறுங்காலோடு பாரிஸ் நகருக்குள்]

நுழைந்தான் என்று எழுதுவதற்குள் ஏதோ கருகிய மணம் வந்தது. எழுந்து ஓடினேன். ராசா இன்னும் நகர வாசலிலேயே நிற்கிறார், பாவம்.

2

ராசாவை எனக்கு அறிமுகப்படுத்தியவர் மனோர் பார்க்கில் இருக்கிற பெனடிக்ற் அண்ணை. லண்டனுக்கு வருமுன், பாரிசுக்குப் பக்கத்துச் சென் டெனியில், பிரெஞ்சு ராசாக்களைப் புதைத்த பெரிய கோயிலில் பதினொரு வருடம் துப்புரவு வேலை செய்தவர். கல்லுருவமாய்ப் படுத்திருக்கும் ராசா ராணிகளைச் சுற்றித் தரை துடைத்தவர். அந்தக் காலத்து ராசாக்கள் பலருக்கு அடக்கம் ஒரு இடத்தில் முடிவதில்லை. உடம்பு ஒரு கோயிலுக்கு, இதயம் இன்னொன்றுக்கு. யாருடையது எங்கே என்று கேட்டால், சொந்தக்காரர் வீட்டுக்கு வழி சொல்வதுபோல் அண்ணை சொல்லுவார்.

அவர் மனைவி பெர்னடெற் அக்காவிடம் ஒரு வெள்ளை லேஞ்சி இருந்தது. பாரிசில் ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று, அந்த முள்முடி இருந்த கண்ணாடியில் ஒற்றி எடுத்த கைக்குட்டை. எங்கள் பங்குச் சனத்துக்கு அது பொது மருந்து. பள்ளிக்கூடச் சோதனை, விசா, பிள்ளைப்பேறு, எதுவென்றாலும் இரவல் வாங்கிக்கொண்டு போவார்கள். காரியம் முடிந்ததும் நல்ல சேதியோடு திருப்பிக் கொடுப்பார்கள். தோய்க்கக் கூடாது என்பது சட்டம். எல்லாருக்கும் தெரிந்த சட்டம் என்பதால் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

3

இப்போது றொசாந்தி வருகிறாள். லண்டனிலேயே குட்மேய்ஸ் பக்கத்துக்காரி. டிரைவிங் டெஸ்டில் மூன்று தரம் கோட்டைவிட்டவள். லேஞ்சியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய் நாலாம் தரம் பாஸ் பண்ணினாள். இரவல் வாங்கியதை அழுக்காகக் கொடுப்பதா என்று மெசினில் போட்டாள். வெறுங்கையோடு கொடுப்பதா என்று மூன்று புது லேஞ்சிகளையும் சேர்த்து, நான்கையும் ஒன்றாய் மடித்துக் கொடுத்தாள். எது பழையது என்று பெர்னடெற் அக்காவுக்குப் பிடிபடவில்லை. தனக்கும் தெரியவில்லை என்றாள் றொசாந்தி.

* இந்தப் பாத்திரத்தை நானே நம்பவில்லை. பழையதும் புதியதும் எப்படி ஒரே மாதிரி இருக்கும் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மற்ற நேரமென்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை பெனடிக்ற் அண்ணைக்கு இதய வால்வு ஒப்பரேசன். தள்ளிப்போட ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அண்ணையோ, அந்த லேஞ்சி கையில் இல்லாமல் ஆஸ்பத்திரிக் கடுதாசியில் சைன் வைக்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

பெர்னடெற் அக்கா நான்கையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக மணந்து பார்த்தார். "நாலிலையும் ஒரே சோப்பு மணம். தோய்ச்சதாலை அருளெல்லாம் போயிருக்கும்."

"தோய்ச்சதை விடும்," என்றார் அண்ணை. "லூயி ராசா தூனிஸிலை செத்தவுடனை, உடம்பை அப்பிடியே பிரான்சுக்குக் கொண்டுவர ஏலாதெண்டு, வைனும் தண்ணியும் விட்டு அவிச்செல்லோ எலும்பெடுத்தவை. அதுக்குப் பிறகுதான் அந்தாள் புனிதர். ஆனால் எது எண்டு எனக்குத் தெரியவேணும். நெஞ்சைத் திறக்கப்போறாங்கள், பகிடியே?"

4

[முடிவு அ: பங்குச் சுவாமி வந்து கையை நீட்ட, நான்கில் ஒன்று மட்டும்] வேண்டாம். அற்புதம் செய்வது என் வேலையில்லை.

[முடிவு ஆ: றொசாந்தி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, இதுதான் என்று சத்தியம்] செய்யக்கூடியவள்தான். எனக்குத் தெரியும். ஏனென்றால் றொசாந்தி நான்தான்.

நான்கும் ஒரே மாதிரி இருந்தது, நான்கும் புதிது என்பதால். பழைய லேஞ்சியை அயன் பண்ணிக்கொண்டிருந்தபோது ராசாவுக்கு ஒரு நல்ல வசனம் தோன்றியது. மறந்துபோகுமுன் எழுத ஓடினேன். வெறுங்காலோடு பாரிஸ் நகருக்குள். அந்த வசனம்தான். அயன் லேஞ்சியின்மேலேயே இருந்தது. நடுவில் உள்ளங்கை அளவு ஓட்டை. பயத்தில் ஒரு கடையில் நான்கு வாங்கித் தோய்த்து, பொய்யையும் சேர்த்து மடித்துக் கொடுத்தேன்.

5

வியாழக்கிழமை பின்னேரம் அண்ணை வார்டில் இருந்தார். சைன் வைக்காத கடுதாசி கட்டில் மேசையில் கிடந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, கைப்பைக்குள்ளிருந்து ஓட்டை லேஞ்சியை எடுத்து நீட்டினேன்.

"அண்ணை, நான் பொய் சொல்லிப்போட்டன். நாலிலை ஒண்டும் அதில்லை. இதுதான் அது."

"அடி பாவி!" பெர்னடெற் அக்கா நெஞ்சில் கைவைத்தார். "மாதாவே, சுட்டுப்போட்டாளே!"

அண்ணை அதை விரித்துப் பார்த்தார். ஓட்டைக்குள்ளால் என்னையும் பார்த்தார். ஏச்சுக்குத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பெர்னா, நீர் கண்ட முடியிலை முள்ளிருந்ததே?"

அக்கா யோசித்தார். "இல்லை. வெறும் புல்லு வளையம் மாதிரித்தான்."

"ஓம். முள்ளையெல்லாம் ராசாக்கள் ஒவ்வொண்டாய் எடுத்துக் கேட்டவைக்குக் குடுத்திட்டினம். எண்டாலும் அதுதான் முடி." லேஞ்சியைத் தலையணைக்குக் கீழே வைத்தார். "இதுவும் ஊருக்கெல்லாம் உழைச்சுக் களைச்சது. பேனையைத் தா, பிள்ளை."

சைன் வைத்துவிட்டு, "டொக்டரிட்டைச் சொல்லு," என்றார். "இதயத்தை வேறை இடத்திலை வைக்கிறது ராசாக்களுக்குத்தான். என்ரையை உள்ளுக்கையே வைச்சுத் தைக்கட்டாம்."

6

இதை எழுதுவது ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில். வெள்ளிக்கிழமை, காலை பத்தரை. அண்ணை உள்ளே. பெர்னடெற் அக்கா பக்கத்தில் இருந்து, நான்கு புது லேஞ்சிகளையும் முறைவைத்துக் கண்ணீரால் நனைத்துக்கொண்டிருக்கிறார். என்மேல் இன்னும் கோபம். ஆனாலும் தேத்தண்ணியில் பாதி தந்தார்.

"இஞ்சையும் கதையே எழுதுறாய்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல முடிவாய் எழுது," என்றார்.

எழுத ஆசைதான். ஆனால் இந்த விசயத்தில் ஒருமுறை பொய் சொன்ன வாய் என்னுடையது. எனக்குப் பயமாகவும் இருக்கிறது. கதவு இன்னும் திறக்கவில்லை.

ஆகவே கதையை இப்படியே உங்களுக்கு இரவல் தருகிறேன். உங்களுக்கும் ஏதாவது ஒரு காரியம் இருக்கும், அதுவரை வைத்திருங்கள். முடிந்ததும் நல்ல சேதியோடு திருப்பித் தாருங்கள். தோய்க்க வேண்டாம். தயவுசெய்து அயன் பண்ணவும் வேண்டாம்.