பதினாறு பூட்டு

என் வீட்டுக்காரர் அன்பரசுவுக்கு எந்தப் பொருளையும் வரிசையாக வைத்து, எண் எழுதி, பூட்டிவிட்டால்தான் சோறு இறங்கும். கம்மாபுரத்துப் பக்கம் ஒரு காண்டிராக்டருடைய குடோனில் பதினைந்து வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். எங்கள் சமையலறையில்கூட உப்பு டப்பா ஒன்று, புளி டப்பா இரண்டு என்று பெயிண்டில் எண் உண்டு. ஒன்றும் இரண்டும் இடம் மாறினால் மனுஷனுக்கு அன்றைக்கு முழுக்க முகம் சரியிருக்காது.

அந்தக் குடோனை மூடிவிட்டார்கள். ஏழு மாதம் வீட்டில் இருந்தார். முதல் மாதம் எல்லா டப்பாவுக்கும் புதுப் பெயிண்ட் அடித்தார். இரண்டாம் மாதம் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். நான் சும்மா இருப்பேனா? நின்றால் திட்டினேன், உட்கார்ந்தால் திட்டினேன். டீயை ஆறவிட்டதற்குத் திட்டினேன். கோபம் அவர் மேல் இல்லை, பயம். ஆனால் பயத்தைக் காட்ட எனக்குத் தெரிந்த ஒரே வழி வாய்தான்.

கடைசியில் என் பிறந்த ஊரான கிள்ளைக்கே வந்து சேர்ந்தோம். அங்கே பண்ருட்டி முந்திரி வியாபாரி தேவசகாயம் சார், உப்பனாற்றுக் கிளை ஒன்றின் கரையில் எட்டு கயாக் வாங்கிப் போட்டு, சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடப்போவதாகக் கேள்விப்பட்டேன். கயாக் என்றால் நம் ஊர்த் தோணியில் கால்வாசி நீளம், பிளாஸ்டிக், ஆரஞ்சு நிறம். இரண்டு பேர் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடலாம். அதையெல்லாம் பத்திரமாகக் கட்டி வைக்க ஓர் ஆள் வேண்டுமாம். பத்திரமாகக் கட்டி வைப்பதற்கென்றே பிறந்த ஆள் என் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று நேரே போய்க் கேட்டேன். கொடுத்துவிட்டார்.

இதில் என் தம்பி தங்கராசுவுக்கு மனத்தாங்கல். அந்த வேலையைத் தன் மச்சினனுக்கு வாங்கித் தருவதாக அவன் தன் பெண்டாட்டியிடம் வாக்குக் கொடுத்திருந்தான். "மேட்டுக்காட்டு ஆளுக்கு தண்ணியில என்னக்கா வேல? பத்து நாளு தாங்குதான்னு பாப்போம்" என்றான். எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றைக்கே ஒரு முடிவெடுத்தேன். இனிமேல் நாலு பேர் பார்க்க என் புருஷனை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். என்ன ஆனாலும் சரி.

இப்படித்தான் வினை ஆரம்பித்தது.

முதல் எட்டு நாள் கயாக்குகள் கொட்டகைக்குள்ளேயே இருந்தன. கட்டைச் சட்டத்தில் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் போட்டு, வெயில் படாமல் தார்ப்பாய் கட்டி, மூக்கில் எண் எழுதி, இவர் அழகாகத்தான் வைத்திருந்தார். முகத்தில் களை வந்தது. ராத்திரி சாப்பிடும்போது பேச ஆரம்பித்தார். "சௌந்தரம், மூணாம் நம்பருக்கு அடியில சின்ன கீறல் இருக்குது, நாந்தான் கண்டுபுடிச்சேன்" என்று ஏதோ புதையல் எடுத்தவர் போலச் சொன்னார். அந்தக் கீறலைக் கும்பிட்டேன்.

ஒன்பதாம் நாள், 2009 மாசி மகத்துக்கு மறுநாள். புதுச்சேரியிலிருந்து பதினாறு பேர் சாயங்காலம் நாலு மணிக்கு வருகிறார்கள், முதல் பெரிய கூட்டம், தேவசகாயம் சாரும் கூடவே வருகிறார் என்று தகவல். இவர் காலையிலேயே எட்டு கயாக்கையும் தண்ணீரில் இறக்கிவிட்டார். பத்து மணிக்கு நான் டிபன் தூக்குடன் போனபோது மரத்தாலான படகுத்துறையை ஒட்டி எட்டும் ஒரே கோட்டில் நின்றன. அளவுகோல் வைத்துக் கோடு போடலாம். ஒவ்வொன்றுக்கும் மூக்கில் ஒரு சங்கிலி, வாலில் ஒரு சங்கிலி. இரண்டையும் துறையின் இரும்பு வளையத்தில் விறைப்பாக இழுத்து, சங்கிலிக்கொரு பூட்டு. மொத்தம் பதினாறு பூட்டு.

தண்ணீர் அப்போது துறையின் பலகையைத் தொடுகிற மாதிரி நிறைந்திருந்தது.

இது கடலோடு சேர்ந்த ஆறு. பௌர்ணமிக்கு மறுநாள் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு வற்றும். பத்து மணிக்கு நிறைந்தது நாலு மணிக்கு இரண்டடிக்கு மேல் கீழே போய்விடும். எங்கள் ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்கும் இது தெரியும். தோணியைக் கட்டுகிறவன் கயிற்றை நீளமாக விட்டுத்தான் கட்டுவான். இவர் ஏரிக்கரைக்காரர். அவர் பார்த்த தண்ணீர் மழைக்கு ஏறும், மதகைத் திறந்தால் இறங்கும், நடுவில் சொன்ன இடத்தில் நிற்கும். இங்கே முதல் வாரம் அரைநிலா நாட்களில் தண்ணீர் கொஞ்சம் ஏறி இறங்கியதைப் பார்த்துவிட்டு, "மேல எங்கியோ மதகு தொறந்துருக்காங்க போல" என்று அவராகவே தீர்மானித்துக்கொண்டாராம். அதைப் பிறகுதான் சொன்னார்.

வாயைத் திறந்தேன். எதிர்க்கரையில் தங்கராசு வலையை உதறிக்கொண்டு நின்றான். அவனும் சங்கிலியைப் பார்த்துவிட்டான். பல்லைக் காட்டாமல் சிரித்தான். நான் இப்போது திருத்தினால், "அக்காதான் வேல பாக்குது, மாமா சம்பளம் வாங்குது" என்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் சொல்லுவான். வாயை மூடிக்கொண்டேன்.

"எப்படி இருக்குது?" என்றார் இவர்.

"நல்லா... விறைப்பா இருக்குதுங்க."

"லூசா உட்டா ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்கும். பெயிண்ட் போயிடும்." டிபனைச் சாப்பிட்டார். "சிதம்பரத்துக்குப் போயி லைஃப் ஜாக்கெட் வாங்கிட்டு வந்துடுறேன். பார்சல் ஆபீசுல கெடக்குது. மூணு மணிக்கெல்லாம் வந்துடுவேன்."

என் மனதில் விளக்கு எரிந்தது. போகட்டும். அவர் போனதும் நானே சங்கிலியைத் தளர்த்திவிடுகிறேன். யாருக்கும் தெரியாமல் காரியம் முடிந்துவிடும். சிரித்த முகமாக பஸ் ஏற்றிவிட்டு, வேகமாகத் திரும்பி வந்து துறையில் குனிந்தேன். அப்போதுதான் உறைத்தது. பதினாறு சாவியும் அவர் அரைஞாணில் தொங்கியபடி சிதம்பரம் போய்க்கொண்டிருந்தன.

போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். பஸ்ஸில் போகும்போது பேட்டரி வீணாகும் என்று அணைத்துவிடுவார். மறுபடி போட்டேன், மறுபடி போட்டேன். அந்தப் போனை ஆற்றில் எறியலாம் போலிருந்தது, ஆனால் அது என் போன்.

பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் ஒரு சாண் இறங்கியது. சங்கிலிகள் கிறீச்சிட்டன. ஒரு மணிக்கு ஏழாம் நம்பர் தண்ணீரை விட்டு மேலே வந்தது. இரண்டு மணிக்கு எட்டும் அந்தரத்தில். கொடியில் துணி காயப்போட்ட மாதிரி எட்டு ஆரஞ்சுப் படகுகள் வரிசையாகத் தொங்கின, கீழே சேறு. வரிசை மட்டும் கொஞ்சமும் கலையவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

ஊர்ச் சனம் கூடிவிட்டது. "யக்கா, இது பறக்குற படகா?" என்றாள் ஒருத்தி. மீன் கூடை இறக்கி வைத்து உட்கார்ந்தே பார்த்தார்கள். தங்கராசு கரை ஏறி வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எனக்கு அவனைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மூன்றரை மணிக்கு வேன் வந்து நின்றது. பஸ் வரவில்லை, வேன் வந்துவிட்டது. தேவசகாயம் சார் வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாசுமாக இறங்கி, துறையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா இது?"

ஏழு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷன் என் கண்ணில் வந்தார். திரும்ப அந்தச் சுவரா? என் வாய் தானாகத் திறந்தது.

"காய வச்சிருக்காரு சார். அடியில பாசி புடிக்காம, சிப்பி ஒட்டாம இருக்குறதுக்கு. மகத்துக்கு மறுநாள் தூக்கிக் கட்டுனா வருஷம் பூரா புடிக்காதுன்னு இந்தப் பக்கம் ஒரு வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் உலகத்தில் எங்கேயும் கிடையாது. மீன் கூடைக்காரிகள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார்கள். ஆனால் முந்திரி வியாபாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட! எனக்கு ஒருத்தனும் சொல்லல பாரு. எவ்வளவு லெவலா கட்டியிருக்கான்யா!" புதுச்சேரிக்காரர்கள் கேமராவை எடுத்தார்கள். தொங்கும் படகுகளுக்குப் பக்கத்தில் துறையில் நின்று, கைதூக்கி, விதவிதமாகப் படம் பிடித்தார்கள்.

அந்தச் சமயத்தில் தலையில் லைஃப் ஜாக்கெட் மூட்டையுடன் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். படகைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். மூட்டை தானாகக் கீழே இறங்கியது.

"அன்பரசு, பிரமாதம்யா!" என்று சார் அவர் தோளைத் தட்டினார். "பாசி புடிக்காம இருக்க நீ பண்ணியிருக்குற வேலைய ஒங்க வீட்ல சொன்னாங்க. இனிமே வருஷா வருஷம் பண்ணு. சம்பளத்த நான் யோசிக்கிறேன்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையை ஆட்டுங்கள், ஆமாம் என்று சொல்லுங்கள், ஒரு தடவை ஆட்டினால் போதும் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவருக்குப் புரிந்தது. புரிந்தது என்று எனக்கும் தெரிந்தது.

"இல்ல சார்" என்றார். "காய வெக்கல. தண்ணி எறங்கும்னு எனக்குத் தெரியாது. இறுக்கிப் பூட்டிட்டேன். என் தப்பு. இன்னும் கொஞ்ச நேரம் தொங்குனா வளையம் பிச்சிக்கினு போயிடும், இல்லன்னா படகு விண்டுடும். மொதல்ல எறக்கணும்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பதினைந்து வருஷம் ஒரு போல்ட்டைக்கூட கணக்கில் மாற்றி எழுதாத ஆள். சார் என்னைப் பார்த்த பார்வையில் நான் கூனிக் குறுகிப்போனேன். இவரோ சட்டையைக் கழற்றி வளையத்தில் மாட்டிவிட்டு, முழங்கால் சேற்றில் இறங்கி, ஒன்றாம் நம்பருக்கு அடியில் குனிந்து தோளைக் கொடுத்தார். மூக்கைத் தூக்கினால் வால் தொங்குகிறது, வாலைத் தூக்கினால் மூக்கு. பாரம் சங்கிலியில் இருக்கும்வரை பூட்டு திறக்காது. தனியாளாக மாறி மாறி ஓடினார். யாரும் அசையவில்லை.

நான் சேலையை ஏற்றிச் செருகப் போனேன். அதற்குள் தொபீர் என்று சேற்றில் ஒரு சத்தம். தங்கராசு.

"நவுருங்க மாமா" என்று வாலுக்கு அடியில் தோளை வைத்தான். படகு உயர்ந்தது, சங்கிலி துவண்டது. "பூட்ட தொறங்க."

இவர் அரைஞாணிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். ஒன்றாம் படகுக்கு முதல் சாவி, இரண்டாம் சாவி. ஒரு சாவிகூடத் தப்பாகப் போடவில்லை. இருபது நிமிஷத்தில் பதினாறு பூட்டும் திறந்து, எட்டுப் படகும் சேற்றில் வழுக்கி நடு ஓடைக்குப் போய்விட்டன. புதுச்சேரிக்காரர்கள் கைதட்டினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்தார்களோ என்னவோ.

சார் துறையில் நின்றபடி கேட்டார்: "தங்கராசு, ஒன் மச்சினனுக்கு தண்ணி ஏர்றது எறங்குறது தெரியுமா?"

"தெரியும் சார்."

"பூட்டுக்கு சாவி தெரியுமா?"

தங்கராசு சேற்றுக் கையைத் தொடையில் துடைத்தான். "அவன் சைக்கிளயே மூணு தடவ தொலைச்சவன் சார்." பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "மாமா கட்டுனத காலையிலயே பாத்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லல. தப்பு அவருது மட்டும் இல்ல."

சார் கூலிங் கிளாசை மாட்டிக்கொண்டார். "ஒரு மாசம் பாக்குறேன். நாளைலேந்து எவன் படகு கட்டுனாலும் இந்த ஊரு ஆளு ஒருத்தர் பாத்து சரின்னு சொல்லணும்."

வேலை போகவில்லை. எனக்கு அந்தத் துறையிலேயே விழுந்து கும்பிடத் தோன்றியது. ஆனால் இவர் முகம் தெளியவில்லை. தங்கராசு சொன்னதைக் கேட்டதிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் தூக்குடன் துறையில் நின்றவள் நான்தானே.

பொழுது சாயும் நேரத்தில் கூட்டம் போனது. எட்டுப் படகையும் கழுவி, கொட்டகையில் கவிழ்த்து, தார்ப்பாய் மூடினோம். அப்போதுதான் அந்த மதகுக் கதையைச் சொன்னார். வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் நின்றார்.

"நீயும் பாத்தல்ல?"

"பாத்தேன்."

"ஏழு மாசமா டீ ஆறிப் போனதுக்கெல்லாம் திட்டுன. இதுக்கு மட்டும் ஏன் திட்டல?"

"தம்பி நின்னுச்சி. அது எதிர்ல ஒங்கள ஒரு வார்த்த சொல்லக் கூடாதுன்னு..."

"நீ திட்டுறப்பல்லாம், இவன் தேறுவான்னு ஒனக்கு இன்னும் நெனப்பு இருக்குதுன்னு வச்சிக்குவேன்" என்றார். "இன்னிக்கி பஸ்ஸுல, நல்லா இருக்குதுன்னு நீ சொன்னத நெனச்சி சந்தோசமா போனேன். பொய்யா சொன்ன? என்ன கை கழுவிட்டியோன்னு பயந்துட்டேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ரோட்டில் ஆள் நடமாட்டம் இருந்தது. மீன் கூடைக்காரிகள் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார்கள், தங்கராசுவும் அவர்களோடு. யார் இருந்தால் எனக்கென்ன.

"கை கழுவுறேனா? கை கழுவுற ஆளு, பண்ருட்டிக்காரரு எதிர்ல நின்னுக்கினு அவ்ளோ பெரிய பொய் சொல்லுமா?" என்று நடுரோட்டில் ஆரம்பித்தேன். "பதினாறு பூட்டு போடுற மனுஷன் ஒரு சாவிய பொண்டாட்டிகிட்ட குடுத்துட்டுப் போனா கொறஞ்சா பூடுவீங்க? இந்த வேலக்கி வந்து ஒம்போது நாளாச்சே, தண்ணி ஏன் எறங்குதுன்னு ஒருத்தர கேட்டா வாயில இருக்குற முத்து உதுந்துடுமா? மதகாம் மதகு! சமுத்திரத்துக்கு எவன்யா மதகு வெப்பான்?"

வீடு வரும்வரை நான் நிறுத்தவில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு, பக்கத்திலேயே நடந்து வந்தார்.