தோளில் கிடந்த கறுப்பு

எண்ணெயும் அரப்பும் கைமாறிக்கொண்டிருந்தன. பிரேதத்தின் தலையில் தொட்டு வைத்துவிட்டு ஒவ்வொருவராக விலகினார்கள். கோசலா மட்டும் மர வாங்கில் கிடந்த அப்பாவின் வலது தோளையே பார்த்து நின்றாள்.

அப்பா வீரகத்திக்குப் புற்று எலும்பில். கரைவலை இழுத்த உடம்பு, கடைசியில் பாயில் புரளவும் ஆள் தேடியது. கோசலாதான் எண்ணெய் காய்ச்சி உருவிவிடுவாள். கொழும்பில் எடுத்த எலும்பு ஸ்கேனில் முதுகும் இடுப்பும் புற்றால் கறுத்திருந்தன. அது தெரிந்த கதை. தோளிலும் ஒரு கறுப்பு இருந்தது. எலும்பில் அல்ல, வெறும் சதையில்.

“எலும்போட கிடந்ததை உருவி உருவிச் சதைக்குள்ள இறக்கிட்டாய். பெரிய நேர்ஸ்,” என்றாள் அப்பாவின் தங்கை செல்லாச்சி.

அதோடு எண்ணெய்ப் போத்தல் அரிசி வாளிக்குப் பின்னால் போனது. அவர் முனகுவார். கோசலா கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பாள்.

வேறொரு படமும் எடுத்துப் பார்த்த டொக்டர் முந்தாநாள்தான் சொன்னார்: தோளில் இருப்பது புற்றல்ல. எப்போதோ பட்ட அடியில் சதை எலும்புபோல் இறுகிவிட்டது. ஸ்கேனுக்கு ஏற்றிய மருந்து அதையும் எலும்பென்று பிடித்திருக்கிறது. உருவினதால் ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னாள். செல்லாச்சி அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். வீரகத்திக்குச் சிரிப்பு வந்தது.

“வள்ளம் கரையேத்தக்குள்ள சரிஞ்சு நசிச்சதடி. உன்ர அம்மாவக் கட்டுறதுக்கு முந்தி. அதை ஆர் ஞாபகம் வச்சிருக்கிறது? இனியாவது உருவி விடு.”

உருவினாள். அன்று முனகல் இல்லை. விடிந்தபோது, அவள் கை தோளில் இருக்கவே மூச்சு நின்றது. அழுகை வருமென்று பார்த்தாள். கொட்டாவிதான் வந்தது.

“கோசலா, வா. நீ வை,” என்றாள் செல்லாச்சி. தொட்டு வைக்கும் அளவல்ல, உள்ளங்கை நிறைய எண்ணெய் ஊற்றினாள்.

“ஓம் மாமி.”

தலையில் வைத்தாள். கை தானாகத் தோளுக்கு இறங்கியது. அந்தக் கட்டி கல்லாய்க் கிடந்தது. அவள் உருவத் தொடங்கினாள்.

“தலையில மட்டும் வச்சாக் காணும் பிள்ளை,” என்றார் பின்னால் நின்றவர்.

“உருவட்டும். குளிப்பாட்டுற தண்ணி இன்னும் வரயில்லத்தானே,” என்றாள் செல்லாச்சி.

குனிந்து, விறைத்துப்போன அண்ணனின் கையை முடிந்த அளவு தூக்கிப் பிடித்தாள், அடியிலும் எண்ணெய் படட்டும் என்று.