காக்காய்க்குக் கொடுத்த வாக்கு

கதிரின் கருமாதியன்று காக்காய் சோற்றைத் தொடவில்லை. இலையில் அவனுக்கு உயிரான ஒப்புட்டுப் போளி வரைக்கும் வைத்திருந்தார்கள். "செத்தவனுக்கு என்னமோ கொறை இருக்குது, வாக்குக் குடுங்க" என்றது ஊர்.

"உந்தங்கச்சியக் கரையேத்திப் போடறஞ் சாமி" என்று அப்பன் மாசாணம் கும்பிட்டார். கூட்டாளிகளும் ஆளுக்கொன்று சொன்னார்கள். காக்காய் பஞ்சாயத்துப் பேச வந்த பெரிய மனுசன் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டதே தவிர, சுவரைவிட்டு இறங்கவில்லை.

பெற்றவள் பாவாத்தாளுக்குத்தான் உறைத்தது. தறி ஓடாத நாளெல்லாம் கதிர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்காலோரம் குருவி பார்க்கப் போய்விடுவான். ஏதோ ஒரு பாலத்தடியில் தகைவிலான் குருவிகள் கூட்டங்கூட்டமாய் மண்கூடு கட்டியிருக்கிறதாம். "ஒருக்கா வந்து பாரும்மா" என்று காலைச் சுற்றுவான். "குருவியப் பாத்தா ஒலை கொதிக்குமா? போடா" என்பாள். அப்புறம் மஞ்சக்காமாலை வந்து அவனைக் கொண்டுபோய்விட்டது.

"நான் வந்து பாக்கறங் கண்ணு" என்றாள். காக்காய் இறங்கி ஒப்புட்டைக் கொத்தியது.

எந்தப் பாலம் என்று ஒரு வார்த்தை கேட்டு வைக்காத மகராசி, பல்லடத்துக்குத் தெற்கே வாய்க்கால் மேட்டில் நாள் தவறாமல் வெயிலில் நடந்தாள். பாலம் பாலமாய்க் குனிந்து பார்த்தாள். ஒன்றில் வௌவால் தொங்கியது. ஒன்றில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கடைசியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சென்னியம்மாளிடம் கேட்டாள். "ஏனுங்கக்கா, மண்ணுல கூடு கட்டற குருவி எங்கீங்க இருக்குது?"

"அந்த வளைவுப் பாலத்துல பாரு ஆத்தா. ஒரு பையன் சைக்கிள்ல வந்து அதையே பாத்துட்டு ஒக்காந்திருப்பான். கொஞ்ச நாளா ஆளக் காணோம்."

பாவாத்தாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். வாயைத் திறந்தால் அங்கேயே விழுந்து அழுதிருப்பாள்.

வளைவுப் பாலத்தின் அடியில், குட்டிக் குட்டி மண்சட்டிகளைக் கவிழ்த்து ஒட்டியதுபோல் அத்தனை கூடுகள். ஒவ்வொன்றிலும் குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்தின. தாய்க்குருவிகள் பூச்சியைக் கவ்விக்கொண்டு வருவதும் போவதுமாய் இருந்தன. இதைப் பார்க்கத்தானே கூப்பிட்டான் பாவி! கூட வந்திருந்தால் தேய்ந்தா போயிருப்பாள்?

"பாத்துட்டங் கண்ணு" என்று சொல்ல வாயெடுத்தவள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

கருமாதியிலிருந்து தினமும் விடிந்ததும் அந்தக் காக்காய் கூரைமேல் வந்து கூப்பிடுகிறது. வாக்கு தீர்ந்துவிட்டால் அவனுக்கு இங்கே வேறென்ன வேலை?

பொழுது சாய வீடு வந்து சேர்ந்தாள். மாசாணம் வாசலிலேயே நின்றிருந்தார்.

"கூடு கெடச்சுதா புள்ள?"

"இல்லீங்க" என்றாள். "நாளைக்கு இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாக்கோணும்."