மூன்றாம் ஓலை

வைகைக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிய அந்தச் சித்திரையில், கோச்சடை லூர்துராஜ் வீட்டு ஹாலில் இருந்த கண்ணாடித் தொட்டிக்குள் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது. தொட்டி மூடிக்குக் கீழே கைக்குட்டை அகலத்துக்கு ஒரு கருமேகம் கட்டும். காலையில் ஒரு பாட்டம், சாயங்காலம் ஒரு பாட்டம் கொட்டிவிட்டுக் கலையும். திருட்டு இணைப்பு ஏதும் இருக்குமோ என்று குழாய் பார்க்கிற ஆள் ஒருவர் வந்தார், மூடியைத் தூக்கித் தலையை நீட்டினார், நனைந்த தலையோடு திரும்பிப் போனார். நம்பாதவர்கள் நம்பவேண்டாம், எங்கள் தெருவுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

தொட்டி ஆள் நீளம் இருக்கும். மகன் ஜினோ மீன் வளர்க்க வாங்கி, மஸ்கட் வேலை கிடைத்ததும் விட்டுவிட்டுப் போனது. லூர்துராஜ் அச்சகத்தில் ராத்திரி ஷிப்டில் புரூஃப் பார்த்தவர். அவர் மனைவி பெர்சி டீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. இவர் வீட்டுக்குள் வரும்போது அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குச் சேர்ந்து போனாலும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு சண்டை இல்லை. தெருவே கண்வைத்த தம்பதி. இரண்டு பேருக்கும் ஓய்வு வந்து, ஒரே பகலில் ஒரே வீட்டில் முழித்துக்கொண்டு இருக்க ஆரம்பித்தபோதுதான் வந்தது வினை. ஃபேனுக்குச் சண்டை, காப்பி டம்ளருக்குச் சண்டை, ராத்திரி முழுக்க எரிகிற லைட்டுக்குப் பெரிய சண்டை. ஓசூரில் மகள் ரூத்தின் பிரசவத்துக்கென்று போன டீச்சர் திரும்பவில்லை. பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். லூர்துராஜ் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டால் வந்துவிடுவாளோ என்ற பயம் பாதி, வரமாட்டாளோ என்ற பயம் பாதி.

மனுஷன் அந்த வீட்டில் தனியாகக் கிடந்ததைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கி, வெட்ட மனசில்லாமல் எறும்புக்கு விட்டார். டிவியில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொன்னார். பேச்சுத் துணைக்கு ஒரு உயிர் வேண்டும் என்றுதான் தொட்டியில் ஆற்றங்கரை மண்ணைப் போட்டு, பெரணியும் மணிபிளான்ட்டும் பாசியும் வைத்தார். ஹால் சுவரில் இருந்த பல்லி ஒன்று தானாக இறங்கி உள்ளே குடியேறியது. தனியாக இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியுமாதலால், அதற்குத் துணை தேடிச் செல்லூரில் மீன் கடை வைத்திருக்கும் அல் அமீனிடம் போனார்.

அல் அமீன் விஷயம் தெரிந்தவன். “சார், ஒண்ணு வாய்க்குள்ள இன்னொண்ணு போற சைஸ்ல மட்டும் சேர்த்துப் போட்றாதீங்க. ஒண்ணு மேல ஒட்டிக்கிட்டுத் திரியட்டும், ஒண்ணு கீழ மண்ணுல கிடக்கட்டும். பல்லி ராத்திரி முழிக்கும். அதுக்குப் பகல்ல முழிக்கிற அரணை சரியா இருக்கும். பாத்துக்கிட்டாத்தானே சார் சண்டை?” என்றான். லூர்துராஜ் தலையை ஆட்டிவிட்டு வந்து, பூந்தொட்டிக்கு அடியில் ஒரு அரணையைப் பிடித்தார். உடனே உள்ளே விடவில்லை. எங்கள் கோயிலில் கல்யாணம் நிச்சயமானால் பெண் மாப்பிள்ளை பெயரைச் சொல்லி மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். அதே முறைப்படி அரணையை ஒரு பாட்டிலில் போட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, “பூந்தொட்டி அடியில் வசிக்கும் அரணை இங்கே குடிபுக விரும்புவதால், தடை அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்” என்று சத்தமாக வாசித்தார். மூன்றாம் ஓலைக்கும் பல்லி ஒன்றும் சொல்லாததால் அரணையை உள்ளே விட்டார். அன்றைக்குத்தான் தொட்டிக்குள் முதல் மேகம் கட்டியது. அதன் பிறகு இன்னும் இரண்டு அரணையும், குளியலறையில் இருந்த குட்டிப் பல்லியும் முறைப்படி ஓலை வாசித்தே குடிவந்தன.

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு ஓணான். வேலியில் உட்கார்ந்து லூர்துராஜைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி ஆமாம் போட்டது. அவருக்கு ஆமாம் போட ஆள் இல்லாமல் எத்தனையோ வருஷம் ஆயிற்று, சொக்கிப்போனார். இரண்டு ஓலை வாசித்தார். மூன்றாவது ஞாயிறு வரை பொறுக்கமாட்டாமல் உள்ளே விட்டுவிட்டார். விடிந்து பார்த்தால் குட்டிப் பல்லியைக் காணோம், அரணை ஒன்றுக்கு வால் இல்லை, மேகமும் இல்லை. ஓணானைத் திரும்ப வேலியில் விட்டும் மழை வரவில்லை. பெரணி பழுத்தது, பாசி பொரிந்து உதிர்ந்தது, மிச்சமிருந்த உயிர்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. வாளியிலிருந்து தண்ணீர் தெளித்தால் மண் தொடுவதற்குள் காய்ந்தது.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார், அது வாய் எம்புட்டு, இது எம்புட்டு? தின்னாம வேடிக்கையா பாக்கும்?” என்று கேள்விப்பட்டு வந்த அல் அமீன் தலையிலடித்துக்கொண்டான்.

“மூணாவது ஓலை வாசிக்கல அமீன். தப்பு அங்கதான்” என்றார் லூர்துராஜ். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அவருடைய கல்யாணத்துக்கும் இரண்டு ஓலைதான். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது, அது நெருங்கிவிட்டதென்று மூன்றாம் ஓலைக்குச் சாமியார் விலக்குக் கொடுத்துவிட்டார். சாமியார் விலக்குக் கொடுத்தால் கல்யாணம் செல்லும், எங்களில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்போம். ஆனால் லூர்துராஜ் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையிலும் இல்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், காய்ந்த தொட்டிக்கு முன்னால் நின்று ஓசூருக்குப் போன் போட்டார். டீச்சர்தான் எடுத்தார். நல்லா இருக்கியா என்றுகூட இவர் கேட்கவில்லை. “கோச்சடை, காலஞ்சென்ற சவரிமுத்து மகன் லூர்துராஜுக்கும், விளாங்குடி, காலஞ்சென்ற தேவசகாயம் மகள் பெர்சிக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருப்பதால், தடை அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது மூன்றாம் ஓலை” என்று வாசித்து முடித்தார்.

தொட்டிக்குள் அரணைகள் தலையைத் தூக்கின.

“தடை இருக்கு” என்றார் டீச்சர்.

லூர்துராஜ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“பகல்ல நீங்க தூங்கணும். ராத்திரி என்னையத் தூங்க விடணும். ரெண்டு பேரும் நாள் பூரா மூஞ்சிக்கு மூஞ்சி உக்காந்துக்கிட்டு இருந்தா இது வெளங்காது, சொல்லிட்டேன்.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான். பெட்டி கட்டிட்டு வாரேன். அதுக்கு முன்னால அடுப்படியக் கழுவி வைங்க.”

டீச்சர் வந்து ஆட்டோவிலிருந்து இறங்கியது பட்டப்பகலில். லூர்துராஜ் சொன்னபடி உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். டீச்சர் எழுப்பவில்லை, அடுப்படியைப் பார்த்து முகம் சுளித்து, இன்னொரு தடவை கழுவினார். சாயங்காலம் கோயில் மணி அடித்தபோது லூர்துராஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, தொட்டிக்கு முன்னால் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பல்லி எழுந்து வருகிற நேரம், அரணைகள் மண்ணுக்குள் போகிற நேரம். இந்தத் தடவை மேகம் தொட்டிக்குள் அடங்கவில்லை. மூடி இடுக்கு வழியாக வெளியே வந்து ஹால் முழுக்கக் கட்டியது.

அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு அவர்கள் ஹாலில் மழை. டீச்சர் பகலில் முழித்திருக்கிறார், லூர்துராஜ் ராத்திரியில். மணி அடித்ததும் ஒரு காப்பி குடிக்கிற நேரம் மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருகிறார்கள். அதற்கு முன்னாலேயே டீச்சர் ஹாலில் கிடக்கும் துணிகளை எடுத்துக்கொண்டு போய் வாசல் கொடியில் போட்டுவிடுவார். பிறகு லூர்துராஜ் தூக்கம் தெளிந்து வருகிறவரைக்கும், காப்பியில் மழைத் தண்ணி விழாமல் அவர் டம்ளர்மேல் ஒரு தட்டை வைத்து மூடிவைக்கிறார்.