பின்னோக்கி நாலு நாள்

தட்டம்மை வந்த வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, "சிவப்புத் தடிப்பு என்னைக்கு வந்துச்சு?" என்பதுதான். அந்த நாளிலிருந்து நாலு நாள் பின்னோக்கி எண்ணுவேன். தடிப்பு தெரிவதற்கு முன்பே, அந்த நாலு நாளும் நோய் அடுத்தவருக்கு ஒட்டும். அப்போது யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று குடைந்து குடைந்து கேட்பேன். யாராவது மழுப்பினால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். சுகாதார அலுவலகத்தில் பதினோரு வருஷமாக இதே பிழைப்பு.

வியாழக்கிழமை காலை என் மகன் முகத்திலேயே தடிப்பு. சளி பிடித்திருக்கிறது என்று அவனுடைய இரண்டாவது தடுப்பூசியைத் தள்ளிப்போட்டவள் நான்தான். அன்றே நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை இங்க வந்தப்ப பாப்பாவ மடியிலேயே வச்சிருந்தானே. ஒண்ணும் ஆகாதில்ல?"

பாப்பாவுக்கு ஏழு மாதம். தடுப்பூசி போடுகிற வயது வரவில்லை.

"தடிப்பு இன்னைக்குத்தான் வந்திருக்கு. எனக்கே பாடம் எடுக்கறியா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். நோயாளியின் பக்கத்தில் இருந்தவர்களைக் குறிக்கிற அலுவலகப் பட்டியலிலும் மகன் பெயருக்கு நேரே 'வீட்டார் மட்டும்' என்று எழுதினேன்.

சனிக்கிழமை காலை நர்ஸ் அந்தத் தாளோடு என் மேஜைக்கு வந்தாள். "அக்கா, தடிப்புக்கு முந்தின நாலு நாளும் உங்க பையன் வெளியில யாரையுமே பாக்கலையா?"

விரலை மடக்கினேன். புதன், செவ்வாய், திங்கள், ஞாயிறு. "ஞாயித்துக்கிழமை நாத்தனாரோட பாப்பாவ மடியில வச்சிருந்தான். ஏழு மாசம்," என்றேன். ஊரார் வீட்டிலெல்லாம் பின்னோக்கி எண்ணியவள், என் வீட்டில் மட்டும் தடிப்பு வந்த நாளிலிருந்து முன்னோக்கி எண்ணியிருக்கிறேன். பயம்தான், வேறென்ன.

"தடுப்பூசி வயசு வராத கைக்குழந்தைக்கு, நோயாளிகிட்ட இருந்ததுலேருந்து ஆறு நாளுக்குள்ள போடற எதிர்ப்புச்சக்தி ஊசி இருக்கே," என்றாள் நர்ஸ் மெதுவாக. "இன்னைக்கு ஆறாவது நாள், அக்கா."

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி எடுத்து வைக்கச் சொல்லு," என்று செருப்பை மாட்டினேன்.

நாத்தனார் போனை எடுக்கவில்லை. அவள் வீட்டுக்கு மூன்று மாடியையும் மூச்சிரைக்க ஏறினேன். கதவைத் திறந்தவள் இடுப்பில் பாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தது.

"நான் தப்பா எண்ணிட்டேன். உடனே கிளம்பு, ஊசி போடணும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நேத்து டாக்டர்ட்ட நேரம் வாங்கியிருந்தேன். அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போகாம விட்டுட்டேன்."

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தோம். பன்னிரண்டே முக்காலுக்கு ஊசி இறங்கியது. பாப்பா வீரிட்டது.

"இனிமே வராதுல்ல?"

"அப்படிச் சொல்ல முடியாது. வந்தாலும் வேகம் குறையும். இருபத்தெட்டு நாள் கவனமா பாக்கணும். நான் தினமும் வந்து..."

"நீங்க எண்ண வேணாம் அண்ணி." பாப்பாவின் தொடையில் பஞ்சை அழுத்தியபடி, என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நானே எண்ணிக்கறேன்."